மாண்பமை ஆசிரியர் குழு முன்பாக

'உங்கள் கட்டுரையை ஏற்க இயலவில்லை' என்று வந்த கடிதத்தை நல்ல செய்தியாகப் படிக்கத் தெரிந்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் விருத்தாசலத்தில் எங்கள் வீட்டுக்கு மூன்று வீடு தள்ளிக் குடியிருந்தார். அவருடைய சொந்தப் பெயர் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. மனுதாரர் என்றால் எல்லோருக்கும் தெரியும்.

தொழில் வக்கீல் குமாஸ்தா. முப்பது வருஷமாக ஒரே சீனியரிடம். மனு எழுதி எழுதி அவர் கைக்கு வேறு எதுவும் எழுத வராமல் போயிருந்தது. பால்காரருக்காக அவர் கதவில் ஒட்டியிருந்த சீட்டை நானே படித்திருக்கிறேன். "மேற்படி முகவரியில் வசிக்கும் மனுதாரர் அவசர வேலையாகச் சேத்தியாத்தோப்பு செல்ல இருப்பதால், இரண்டு நாட்களுக்குப் பால் நிறுத்தி வைத்து உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறார்." கீழே இடம், தேதி, கையெழுத்து. பால்காரரும் அவ்வாறே உத்தரவிட்டார்.

நான் அப்போது செராமிக் டெக்னாலஜி டிப்ளமோ முடித்துவிட்டு, ஒரு இன்சுலேட்டர் கம்பெனியின் பரிசோதனைக் கூடத்தில் வேலையில் இருந்தேன். களிமண்ணில் எவ்வளவு ஈரம், சூளையில் எவ்வளவு சூடு, பொருளில் எவ்வளவு நீளம் விரிசல் என்று அட்டவணை நிரப்புகிற வேலை. எதையும் எண் போட்டு எழுதினால்தான் எனக்கு மூச்சு சீராக வரும். என் குறைகளைக் கேட்டால் அவற்றையும் எண் போட்டுத்தான் தருவேன். குறை எண் ஒன்று: வீட்டுக்கு வந்தவரிடம் 'முடியாது' என்று சொல்லத் தெரியாதது. மற்றவை இந்தக் கதைக்குத் தேவையில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்து இட்லிக்கு உட்கார்ந்திருந்தேன். வாசலிலிருந்து அம்மா குரல் கொடுத்தாள்.

"ஏய், மனு அண்ணன் வந்திருக்காரு. கையில கட்டு வேற இருக்குது. என்னான்னு கேளு."

கட்டு என்றால் நூல் சுற்றிய வழக்குக் காகிதம்.

"ஒன்னுமில்லம்மா, சின்ன வேலை," என்றார் மனுதாரர். "ஒரு கட்டுரை எழுதியிருக்கேன். உன் லேப்டாப்புல ஏத்தி ஒரு எடத்துக்கு அனுப்பணும். பத்து நிமிஷந்தான்."

அந்தப் பத்து நிமிஷம் பதினோரு மாதம் ஓடியது.

விஷயம் இதுதான். ஊருக்கு வெளியே ஐந்து சின்ன யூனிட்டுகள் சேர்ந்து ஒரு கூட்டுச் சூளை வைத்திருந்தன. பொம்மை, கப், ஃபியூஸ் கட்டை என்று ஐந்து பேருடைய சரக்கையும் ஒரே தள்ளுவண்டியில் அடுக்கி உள்ளே விட்டு வேகவைப்பார்கள். அந்த வண்டியைத் தள்ளியவர்களில் ஒருத்தர் செல்வி அக்கா. நல்லூர்ப் பக்கத்திலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனவர். ஒரு நாள் வெளியே வந்த வண்டி தண்டவாளத்தைவிட்டு இறங்கி, சூடு ஆறாத சரக்கு அவர் வலது கையில் சரிந்தது. மூன்று விரல்கள் அப்புறம் மடங்கவே இல்லை. இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார்கள். ஐந்து முதலாளிகளும் வந்து தனித்தனியாக ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள்: "எங்க ஆளு இல்லீங்க." அன்றைக்கு யார் சரக்கு அதிகமோ அவர் கூலி கொடுப்பது அங்கே வழக்கம். அதனால் செல்வி அக்கா யாருடைய ஆளும் இல்லை என்று ஆகி, வழக்குத் தோற்றது.

அந்த வழக்கை எழுதியவர் மனுதாரர். சீனியர் கையெழுத்துப் போட்டிருந்தார். சென்னையில் அப்பீல் போனபோது, அங்கே இருந்த வக்கீல் போனில் அலுத்துக்கொண்டாராம். "இதுக்கு முன்னாடி இப்படி ஒரு தீர்ப்பே இல்லையே சார். ஒரு நல்ல சட்ட இதழ்ல கட்டுரையாவது வந்திருந்தா எடுத்துக் காட்டலாம்." பேச்சுவாக்கில் சொன்னது. மனுதாரர் அதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்.

"வரலைன்னாரும்மா. சரி, வர வச்சிடுவோம்னு எழுதிட்டேன்."

"சார், சட்ட இதழ்ல பேராசிரியருங்க எழுதுவாங்க. உங்களுக்குச் சட்டப் படிப்பு…"

"பி.ஏ. வரலாறு. தெரியும்மா. ஆனா இதப் படி." ஒரு பல்கலைக்கழகச் சட்ட இதழின் விதிமுறைகளை அச்செடுத்து வைத்திருந்தார். அதில் ஓர் இடத்தை விரலால் தொட்டுக் காட்டினார். எழுதியவர் பெயரை நீக்கிவிட்டே மதிப்பீட்டாளர்களுக்குக் கட்டுரை அனுப்பப்படும் என்று இருந்தது.

"பேரே தெரியாமத்தான் படிப்பாங்களாம்! எழுதுனவன் என்னா படிச்சான், எந்த ஊரு, கோட்டு போட்டிருக்கானா, ஒன்னும் கேக்க மாட்டாங்களாம். வாதத்த மட்டும் பாப்பாங்களாம். இப்புடி ஒரு கோர்ட்டு இருக்குறது முப்பது வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சேம்மா."

அவர் முகத்தைப் பார்த்தபோது எனக்கு இட்லி ஆறிப்போனதுகூடத் தெரியவில்லை. கட்டைப் பிரித்தேன்.

பச்சை லெட்ஜர் தாள். இடப்பக்கம் நான்கு விரல் அளவு ஓரம். ஆங்கிலந்தான், ஆனால் முழுக்க மனு ஆங்கிலம். தலைப்பில் 'மாண்பமை ஆசிரியர் குழு முன்பாக.' அதற்குக் கீழே மனுதாரர் என்று அவர் பெயர். எதிர்மனுதாரர் என்ற இடத்தில் 'இதழைப் படிக்கும் பொதுமக்கள்.' இருபத்து மூன்று பத்திகள், எல்லாவற்றுக்கும் எண். (எண்கள் மட்டும் எனக்குப் பிடித்திருந்தன.) கடைசியில், இக்கட்டுரையை ஏற்றும், வழக்கின் தன்மைக்கேற்ப வேறு தக்க உத்தரவுகள் பிறப்பித்தும் நீதி வழங்குமாறு ஒரு பிரார்த்தனை. இவற்றோடு, கட்டுரையை இணையத்தில் ஏற்ற அவர் சார்பில் என்னை நியமிக்கும் வக்காலத்து ஒன்று. நான் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி. போட்டேன். குறை எண் ஒன்று.

"சார், இது கட்டுரை. மனு மாதிரி இருக்கக் கூடாது."

"கட்டுரைன்னா என்னம்மா? நான் சொல்றது நியாயமா இருக்குது, ஏத்துக்குங்கன்னு கேக்குறதுதான? அதுக்குப் பேரு மனு இல்லாம?"

அப்படியே ஏற்றினோம்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. வடிவம் பொருந்தவில்லை, ஏற்க இயலவில்லை, வருந்துகிறோம். நான் ஆபீசில் உட்கார்ந்து ஆறுதல் வாக்கியங்கள் நான்கு தயார் செய்தேன். மிதமானதிலிருந்து உருக்கமானது வரை வரிசைப்படுத்திக்கொண்டு மாலையில் அவர் வீட்டுக்குப் போனேன். முதல் வாக்கியத்தைத் தொடங்குவதற்குள் அவர் கடிதத்தைப் படித்துவிட்டுக் கையைத் தட்டினார்.

"ரிட்டர்ன் போட்டுட்டாங்க!"

"ரிட்டர்ன் இல்ல சார். நிராகரிச்சிட்டாங்க."

"அட, ஒனக்குக் கோர்ட்டு பழக்கம் இல்ல. எந்தக் கட்டு குடுத்தாலும் மொதல்ல ரிட்டர்ன்தான் வரும். பக்க நம்பர் இல்ல, ஸ்டாம்பு பத்தல, நகல் தெளிவா இல்லன்னு ஏதாவது ஒரு குறை எழுதித் திருப்பிக் குடுப்பாங்க. சரி பண்ணிட்டு மறுபடி குடுக்கணும். முப்பது வருஷத்துல ரிட்டர்ன் ஆவாத கட்டு ஒன்னு நான் பாத்ததில்ல."

"அவங்க ஏற்க இயலவில்லைன்னு எழுதியிருக்காங்க சார்."

"ஆமா. இப்ப இயலல. இனிமேலும் இயலாதுன்னு எங்கயாவது எழுதியிருக்குதா?"

எழுதியிருக்கவில்லை. மறுநாள் அதே கட்டுரை, மேலே 'குறைகள் நிவர்த்தி செய்யப்பட்டு மீண்டும் தாக்கல் செய்யப்படுகிறது' என்ற ஒரு வரியோடு திரும்பப் போனது. எட்டு நாளில் திரும்பி வந்தது. மறுபடி போனது. பெரிய பெரிய பேராசிரியர்கள் நிராகரிப்புக் கடிதம் வந்தால் இரண்டு நாள் சாப்பிட மாட்டார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். மனுதாரர் அந்தக் கடிதத்தைக் காட்டி டீக்கடையில் எல்லோருக்கும் வடை வாங்கித் தந்தார்.

நான்காவது தடவை அனுப்பிவிட்டு, கூடவே அந்த இதழின் மேல் ஒரு கேவியட்டும் தாக்கல் செய்தார். கேவியட் என்றால் முன்னெச்சரிக்கை மனு. இதே பொருளில் வேறு யாராவது கட்டுரை கொடுத்தால் தன்னை விசாரிக்காமல் அதை ஏற்கக் கூடாது என்று. தொண்ணூறு நாளுக்குத்தான் அது செல்லும் என்பதால் தேதி குறித்து வைத்து என்னைக்கொண்டே புதுப்பித்தார். இன்னொரு முறை, இதழின் கடைசி நாளை ஆறு நாள் தவறவிட்டோம். எனக்குக் காய்ச்சல். அவர் என்னுடைய மருத்துவச் சீட்டை வாங்கி, தாமதத்தை மன்னிக்கக் கோரும் மனுவோடு இணைத்து அனுப்பினார். நான் எத்தனை தடவை வாந்தி எடுத்தேன் என்பது இன்றைக்கும் ஒரு பல்கலைக்கழகத்தின் கோப்பில் இருக்கிறது.

அதற்கெல்லாம் சிகரம் கிளி. சூளையில் சூடு ஏறி இறங்குவது சரியில்லாமல் போனால் பொருள் எப்படி வெடிக்கும் என்று காட்ட, பாதி வெடித்த பீங்கான் கிளிப் பொம்மை ஒன்றை வைக்கோல் வைத்துப் பெட்டியில் கட்டி, 'சான்றுப் பொருள் 1' என்று சீட்டு ஒட்டி, கூரியரில் இதழ் ஆசிரியருக்கு அனுப்பிவிட்டார். எனக்குச் சொல்லவில்லை. ஆசிரியரின் மின்னஞ்சல் வந்துதான் தெரியும்.

அந்த மின்னஞ்சலை நான் மூன்று முறை படித்தேன். மரியாதையாகத்தான் எழுதியிருந்தார். தயவுசெய்து இனி பறவைகள் எதையும் அனுப்ப வேண்டாம். முன்னெச்சரிக்கை மனு, மன்னிப்பு மனு ஆகியவற்றை ஏற்க இதழில் வழி இல்லை. ஆனால் பதினேழாம் பத்தியில் சொல்லியிருப்பதை மட்டும், மனு வடிவம் இல்லாமல், ஒரு கட்டுரையாக எழுதித் தர முடியுமானால் மதிப்பீட்டுக்கு அனுப்பத் தயார். அந்த ஆசிரியரை நான் பார்த்ததே இல்லை. இருந்தாலும் அவருடைய களைப்பு எனக்கு வரிக்கு வரி புரிந்தது. நாங்கள் இருவரும் ஒரே சூளையில் வெந்துகொண்டிருந்தவர்கள்.

பதினேழாம் பத்தி இவ்வளவுதான்: வண்டியில் ஐந்து பேர் சரக்கு இருந்தது என்றால், வண்டியைத் தள்ளியவர் ஐந்து பேருக்கும் ஆள். வண்டியில் யாருக்கு எவ்வளவு இடமோ, அவருக்கு அவ்வளவு பொறுப்பு.

பார்த்தால் சின்ன யோசனை. ஐந்து மாதம் அதைத் தட்டச்சு செய்தும் நான் கவனிக்கவில்லை. அன்றுதான் எனக்கு உறைத்தது, இதை யாருமே இதுவரை சொல்லவில்லை என்று.

அதற்கப்புறம் நானும் இறங்கினேன். செல்வி அக்காவை வீட்டுக்கு வரவழைத்து, அன்றைக்கு வண்டியில் எந்தத் தட்டில் யார் சரக்கு இருந்தது என்று கேட்டோம். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு தட்டாகச் சொன்னார். சூளையின் பதிவேட்டு நகலோடு ஒப்பிட்டேன். ஒரு தட்டுகூட மாறவில்லை. தட்டின் நீள அகலத்தை வைத்து ஐந்து பேருடைய பங்கையும் அட்டவணையாகப் போட்டேன்.

மனுதாரர் அதைக் கையில் வாங்கி வரி வரியாக விரல் வைத்துப் படித்தார். "இது அட்டவணை இல்லம்மா," என்றார். "சாட்சி."

செல்வி அக்கா டீயை இடது கையால் எடுத்துக் குடித்தபடி கேட்டார். "ஏண்ணே, இது புக்குல வந்துட்டா என் வெரலு மடங்குமா?"

"வெரலு மடங்காதும்மா. அஞ்சு பேரும் கோர்ட்டுல வந்து நிப்பானுங்க."

"அது போதும். எங்க ஆளு இல்லன்னு சொன்னானுங்க பாரு, எனக்குக் கையி வெந்தத வுட அதான் எரிச்சலா இருக்குது."

பிறகு மனுவிலிருந்து கட்டுரையைப் பிரித்தெடுக்கும் வேலை. 'பணிவுடன்' என்ற சொல் நாற்பத்தோரு இடத்தில் இருந்தது. ஒவ்வொன்றுக்கும் வாதாடினார். நாற்பதை எடுத்தேன். கடைசியில் கெஞ்சினார்: "ஒன்னையாவது வுடும்மா. மொட்டையா இருக்குது." விட்டேன். நன்றியுரையில் இருக்கிறது.

கட்டுரை மதிப்பீட்டுக்குப் போனது. இரண்டு மதிப்பீட்டாளர்கள். முதலாமவர் நல்லவர். இரண்டாமவர் பன்னிரண்டு குறை எழுதியிருந்தார். மனுதாரர் அன்று மாலையே பதிலுரை கொண்டுவந்தார். "குறை எண் ஒன்றில் கூறியவை யாவும் உண்மைக்குப் புறம்பானவை, மறுக்கப்படுகின்றன, அவற்றை மதிப்பீட்டாளரே கண்டிப்பாக நிரூபிக்கக் கடமைப்பட்டவர்." இப்படிப் பன்னிரண்டுக்கும்.

"சார், இவரு எதிர்த்தரப்பு வக்கீல் இல்ல. மொதல்ல அவருக்கு நன்றி சொல்லணும். ஒவ்வொரு குறைக்கும் தனித்தனியா நன்றி சொல்லிட்டுத்தான் பதில் எழுதணும். அதான் அங்க வழக்கம்."

"தப்புன்னு சொன்னவருக்கு நன்றியா? என்னா ஊரும்மா அது!"

மனமே இல்லாமல் பன்னிரண்டு நன்றி எழுதினார். எழுதி முடித்ததும் அந்தப் பழக்கம் அவருக்குப் பிடித்துப்போய்விட்டது. அடுத்த வாரம் கோர்ட்டில் வேறொரு வழக்கில் எதிர்த்தரப்புக் குமாஸ்தா ஒரு நகலில் பிழை இருப்பதாகச் சொல்ல, "சுட்டிக் காட்டியதற்கு மிகவும் கடமைப்பட்டிருக்கேங்க" என்று கும்பிட்டிருக்கிறார். அவர்கள் பயந்துபோய், இவர்கள் ஏதோ பலமாக வைத்திருக்கிறார்கள் என்று சமரசத்துக்கு வந்துவிட்டார்களாம்.

பதினோராம் மாதம் ஏற்புக் கடிதம் வந்தது. 'ஏற்கப்பட்டது' என்ற சொல்லைப் படித்ததும் அவர் குழம்பிப் போனார். "என்னம்மா, ஒரு குறையும் எழுதலியே. சரியாப் படிச்சாங்களா?" என்று என்னைத்தான் கேட்டார்.

இப்போது எழுதியவரின் விவரம் கேட்டிருந்தார்கள். பெயர், பதவி, நிறுவனம். அன்று சாயங்காலம் சீனியரே எங்கள் வீட்டுக்கு வந்தார். கெட்ட மனிதர் இல்லை. அம்மா கொடுத்த டீயைப் பாராட்டினார். பிறகு மனுதாரரிடம் திரும்பினார்.

"யோவ், நல்லா எழுதியிருக்கய்யா. பேரு மட்டும் என் பேரப் போட்டுடு. நாளைக்கி சென்னையில இத நீட்டுறப்ப, எழுதுனது யாருன்னு ஜட்ஜு கேட்டா, குமாஸ்தான்னா சொல்றது? அந்தப் பொம்பள கேஸு இதாலயே கெட்டுடும்."

"ஆமாங்க சார்," என்றார் மனுதாரர் உடனே. என் பக்கம் திரும்பினார். "அவரு சொல்றது சரிதாம்மா. செல்விக்கு நல்லது எதுவோ அதப் பண்ணு. சார் பேரையே போடு."

வழக்கமான குரலில்தான் சொன்னார். முப்பது வருஷமாகக் கட்டை எழுதி முடித்துக் கையெழுத்துக்கு நீட்டுகிற குரல் அது. வருத்தம் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மனசுக்குள் இரண்டு பக்கமும் எழுதிப் பார்த்தேன். சீனியர் பக்கம்: பட்டம், கோட்டு, அனுபவம், செல்வி அக்காவின் அப்பீல். மனுதாரர் பக்கம்: எழுதியவர் அவர். சீனியர் பக்கம் நீளமாகத்தான் இருந்தது.

"முடியாது சார்," என்றேன். "விதி பதினாறு. மொத மொத தாக்கல் பண்ணப்ப குடுத்த பேர ஏற்புக்கு அப்புறம் மாத்தக் கூடாது. மாத்துனா கட்டுரையே ரத்து."

சீனியர் டீ டம்ளரைக் கீழே வைத்தார். "ரூலே இருக்குதா?"

"இருக்குது சார்."

"அப்ப ஒன்னும் பண்ண முடியாது. சரிய்யா, உன் பேரே இருக்கட்டும்." 'போயிட்டு வரேன்' என்று சீனியர் எழுந்து போனார்.

மனுதாரர் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் லேப்டாப்பை அவர் பக்கம் திருப்பி வைத்தேன். ஒரு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தன் பெயரை அடித்தார். பதவி என்ற இடத்தில் வக்கீல் குமாஸ்தா. நிறுவனம் என்ற இடத்தில் விருத்தாசலம்.

கட்டுரை வெளிவந்தது. சென்னை வக்கீல் அதை அப்பீல் கட்டில் சேர்த்து எடுத்துக் காட்டினார். எழுதியவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. அட்டவணை எந்தப் பக்கத்தில் என்று மட்டும் கேட்டார்களாம். ஐந்து பேரையும் சேர்த்து மறுபடி விசாரிக்கச் சொல்லி வழக்கு ஊருக்கே திரும்பி வந்திருக்கிறது. நான் இப்போது ஓசூர்ப் பக்கம் ஒரு டைல்ஸ் கம்பெனியில் இருக்கிறேன். போன மாதம் செல்வி அக்கா போன் செய்தார். "அஞ்சு பேரும் வரிசையா நின்னானுங்க பாப்பா. ஒருத்தன் வாயிலயும் எங்க ஆளு இல்லன்னு வரல." முடிவு வர இன்னும் எத்தனை வாய்தாவோ தெரியாது.

ஒன்றை மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன். அந்த இதழுக்கு விதிகள் மொத்தம் பதினான்குதான். அட்டவணையில் ஒரு புள்ளியைக்கூட மாற்றி எழுதாதவள், அன்றைக்கு ஒரு விதியையே எழுதிவிட்டேன். அந்த விதிமுறைத் தாள் நான்காக மடித்து மனுதாரரின் சட்டைப் பையில் இருந்தது. எனக்கும் அவருக்கும் நடுவில் இரண்டடிகூட இல்லை.

அவர் அதை எடுத்துப் பார்க்கவில்லை.